கூடத்து மூலையில் ஓர் அலுவலகம்

தாம்பரத்தில் குடியிருந்து சிறுசேரியில் அலுவல் பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் சிலர் உண்டு. விடியுமுன் சமையல், பிறகு ஓட்டம். சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று நெரிசலில் ஊர்ந்து போய், நாற்காலியில் அமருமுன்பே பாதிக் களைப்பு வந்துவிடுகிறது. மாலையிலும் அதே சாலைதான். இந்தப் பயண நேரத்துக்கு எவரும் சம்பளம் தருவதில்லை. அதனால் முதலாளிக்கும் பயனில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், நடக்காது என்று பலர் எண்ணியிருந்தது சில நாட்களில் நடந்தேறியது. கணினி வீடு வந்தது. கூடத்து மூலை அலுவலகமாயிற்று. நோயும் அச்சமும் சூழ்ந்த காலந்தான். ஆயினும் பகலில் அம்மா வீட்டில் இருக்கும் நிறைவை எங்களில் சிலர் அப்போதுதான் அறிந்தோம். பின்னர் நிறுவனங்கள் பலவும் மீண்டும் அலுவலகத்துக்கே அழைத்துக்கொண்டன. வாரம் முழுவதும் வந்தே தீரவேண்டுமா என்பதே எங்கள் கேள்வி.

வீட்டில் இருப்போர் சோம்பிவிடுவர் என முதலாளிகள் அஞ்சுகின்றனர். சீனாவின் சிட்ரிப் என்னும் பயண நிறுவனம் 2010 இறுதியில் இதைச் சோதித்தே பார்த்தது. விரும்பி முன்வந்த தொலைபேசிப் பணியாளருள் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து உழைத்தனர். வேலை 13 விழுக்காடு கூடியது. வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். பழகிய பணியாளர் விலகினால், புதியவரைத் தேடிப் பயிற்றுவிக்கும் செலவு முதலாளியுடையது அல்லவா? ஆனால் தனிமை தாளாமல் அலுவலகம் திரும்பியவரும் அங்கே பலர். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் என்றால் போதும் என்கிறோம்.

நம் நாட்டில் சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம், விடுப்பு முடிந்த தாய், வேலையின் தன்மை இடங்கொடுத்தால், முதலாளியின் இசைவோடு வீட்டிலிருந்தே பணிபுரிய வழிசெய்தது. கைக்குழந்தைக்காக வேலையைத் துறந்த அக்காமார் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த இசைவு எளிதில் கிடைத்திருந்தால் அவர்களுள் சிலராவது நீடித்திருப்பர்.

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. செவிலியரும், மெப்ஸ் வளாகத்துத் தொழிற்கூடங்களில் இயந்திரத்தின் முன் நிற்போரும் வந்துதான் ஆகவேண்டும். எங்கள் ஆசிரியைகள் கைப்பேசியில் பாடம் நடத்திய நாட்களை நாங்கள் மீண்டும் கேட்கமாட்டோம்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிட்ரிப் சோதனையில் சேர, வீட்டில் தனியிடம் இருப்பது ஒரு நிபந்தனை. நம் வீடுகளில் அம்மாவுக்கு மூலைதான் கிடைத்தது. பால்காரர் மணியடித்தாலும், சிலிண்டர் வந்தாலும், தம்பிக்குப் பசித்தாலும் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று அவரையே எழுப்பினோம். அழைத்தவர்களில் நாங்களும் உண்டு. இப்போது எங்களுள் ஒருத்தி வீட்டில் பழைய கட்டிலை அகற்றி, சன்னலோரம் மேசை போட்டிருக்கிறார்கள். அம்மா வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களில், மணியடித்தால் கதவைத் திறப்பவர் அப்பா.