மலைப் பயணத்துக்கு ஏற்ற முக்காலி

புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளையும் 109 மீற்றர் உயரமுள்ள இறம்பொடை நீர்வீழ்ச்சியையும் படம்பிடிக்க விரும்பாதார் யார்? ஆனால், விழும் நீரை வெண்பட்டுப் போலக் காட்ட வேண்டின், காமிராவின் கண் அரை விநாடியேனும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வளவு நேரம் எவர் கையும் அசையாதிராது. ஆதலின் முக்காலி இன்றியமையாததாகின்றது.

பாரமான முக்காலி உறுதியாக நிற்கும். எனினும் ஏற்றத்தில் தோள் சலித்துவிடும். அடுத்த பயணத்தில் அது வீட்டு மூலையிலேயே தங்கிவிடும். மிக இலேசானதோ மலைக்காற்றில் நடுங்கிப் படத்தைக் கெடுக்கும். இரண்டிலும் நாம் கொடுத்த காசு வீணே.

எடை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ, மடித்த நீளம் சுமார் 40 சென்ரிமீற்றர் எனில் பஸ் பயணத்துக்கு ஏற்றது. காபன் இழையாலானது இலேசு, விலையோ அதிகம். சிறுகச் சிறுகப் பணஞ் சேர்க்கும் மாணவருக்கு அலுமினியமே போதும். காலின் அடுக்குகள் கூடுந்தோறும் மடிப்பு குறுகும். ஆனால் அடிக்குழாய் மெலிந்து ஆட்டங் காணும். நான்கு அடுக்குகள் நடுத்தரமானவை.

வாங்குமுன், கடையிலேயே கால்களை முழுவதும் நீட்டி, நடுத்தண்டை உயர்த்தாது, நமது காமிராவையே பொருத்தி மெல்லத் தட்டிப் பார்த்தல் நன்று. அதிர்வு உடனே அடங்க வேண்டும். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருப்பின் இன்னும் நலம். காற்று வீசும்போது பயணப் பையை நிலத்தைத் தொடுமாறு அதில் மாட்டலாம்.

சுமக்க இலேசாகவும் நிற்க உறுதியாகவும் உள்ளதே நமக்கு உற்ற துணை.