இளையோர் கையில் காதற்கதை: இகழத்தக்கதா?

திசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால், ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் நூற்கடைகளில் ஒருவகைச் சிறுகதைத் தொகுப்புகள் முன்வரிசைக்கு வந்துவிடும். பள்ளி இறுதியிலும் கல்லூரித் தொடக்கத்திலும் உள்ள இளையோர்க்கென எழுதப்பெற்றவை அவை. விழா விடுமுறை, கொட்டும் பனி, இரு நெஞ்சங்களின் முதற் கண்ணுறவு ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இருக்கும். அத்தகைய நூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெற்றோர் அங்கும் உளர், இங்கும் உளர். பாடநூலை மூடிவைத்துக் காதற்கதை படிக்கின்றதே என்பது அவர்தம் குறை. அக்குறை எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை நடுவுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

பனிக்காலத்திற்கும் கதைக்கும் உள்ள உறவு நூல்வாணிகர் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. இலண்டன் நகரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. பிற்பகல் 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். வெளியே செல்ல இயலாத நெடிய இரவில், கணப்பைச் சுற்றி அமர்ந்தோர்க்குக் கதையே துணையாயிற்று. சார்லசு திக்கன்சு எழுதிய 'கிறித்துமசு கரோல்' 1843 திசம்பர் 19இல் வெளிவந்தது. விழாவுக்கு முதல்நாள் மாலைக்குள் 6000 படிகளும் விற்றுத் தீர்ந்தன. கருமி ஒருவனைப் பேய்கள் திருத்தும் கதை என்றே அதனைப் பலரும் அறிவர். ஆயின் அதன் நடுவே ஓர் உடைந்த காதலும் உண்டு. தன்னைவிடப் பொன்னையே பெரிதாக மதிக்கத் தொடங்கியவனை, அவனுக்கென உறுதிசெய்யப்பெற்ற பெண்ணொருத்தி அமைதியாக விடுவித்து விலகிச் செல்லும் இடமே அக்கருமியின் வாழ்வு வறண்ட இடமாகும்.

அதன்பின் 1905ஆம் ஆண்டு திசம்பரில், நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் ஓ. என்றி ஒரு சிறுகதை எழுதினார். இளம் மனைவியிடம் இருப்பது 1 தாலர் 87 சென்டு மட்டுமே. கணவனுக்குப் பரிசு வாங்கத் தன் நீண்ட கூந்தலை 20 தாலருக்கு விற்று, அவன் பைக்கடிகாரத்திற்கு ஒரு சங்கிலி வாங்குகிறாள். அவனோ அக்கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான். இரு பரிசும் பயனற்றுப் போகின்றன. இரு நெஞ்சமும் நிறைந்து நிற்கின்றன. ஒருவேளை அமர்வில் படித்துவிடக்கூடிய இச்சிறுகதை, நூற்றாண்டைத் தாண்டியும் உயிரோடு இருக்கின்றது. விழாக்காலக் காதற்கதை என்பதனாலேயே ஒரு கதை தாழ்ந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இற்றை இளையோர் நூல்களும் இம்மரபின் கிளைகளே. சான் கிரீன், மாரீன் சான்சன், இலாரன் மைரக்கிள் ஆகிய மூவர் 2008இல் எழுதிய 'லெட் இட் சுனோ' என்னும் நூலில், கிறித்து பிறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவில் தொடர்வண்டியொன்று பனியிற் சிக்கி ஒரு சிற்றூரருகே நின்றுவிடுகிறது. அவ்வோர் இரவின் பனிப்புயலிலிருந்தே மூன்று காதற்கதைகள் கிளைக்கின்றன. அவற்றுள் மூன்றாவது, காதலில் தோற்றதாக எண்ணித் தன் துயரிலேயே மூழ்கி, தோழிக்களித்த சிறு வாக்கைக்கூட மறந்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. தன்னையன்றிப் பிறரையும் நினைத்தல் வேண்டும் என்பதை அவள் அறிந்துகொள்கிறாள். அந்நூல் 2019இல் திரைப்படமும் ஆயிற்று.

2014இல் இசுட்டெபானி பெர்கின்சு தொகுத்த நூலில் பன்னிரு எழுத்தாளரின் பன்னிரு கதைகள் உள்ளன. கிறித்தவர் விழா மட்டுமன்றி, யூதரின் விளக்குவிழாவும், புத்தாண்டு நள்ளிரவும் அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் மாட்டு தெ லா பெனியா எழுதிய கதை தனித்துக் கருதத்தக்கது. நியூயார்க்கில் பயிலும் ஏழை மாணவனொருவன், விடுமுறையில் பிறர் வீட்டையும் பூனையையும் காத்துக்கொண்டு தனித்திருக்கிறான். வெளியே பனிப்புயல். கையில் காசில்லை, உண்ணவும் போதியதில்லை. ஆனால் பசியை எவரிடமும் சொல்ல அவன் தன்மானம் இடந்தரவில்லை. மேல்தளத்திலிருக்கும் பெண்ணொருத்தி குளியலறைப் பழுது காரணமாக அங்கு வருகிறாள். வசதியுள்ள அவளுக்கும் வயிறு காய்ந்த அவனுக்கும் இடையில் மலர்வது வெறும் கண்மயக்கன்று. ஒருவர் குறையை மற்றவர் இழிவாகக் கருதாமல் காணும் பார்வை. காதல் என்னும் சொல்லின் பொருளை இளையவர் ஒருவர்க்கு இதனினும் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

எனினும் இவ்வகையில் வருவன எல்லாம் பொன்னல்ல. அட்டையில் பனித்துளியும் இதயப் படமும் பொறித்து, ஒரே அச்சில் வார்த்து, விழா நெரிசலில் விற்றுத் தள்ளப்பெறுவன பல. கண்டவுடன் காதல், கடைசிப் பக்கத்தில் களிப்பு என்று முடிபவை, காத்திருத்தலையும் பொறுத்தலையும் கற்பிப்பதில்லை. ஆயின் பதரைத் தூற்றுதற்கு நெல்லையும் கொட்டிவிடுவார் உண்டோ? தானே விரும்பி ஒரு நூலை முடித்த பிள்ளையே அடுத்த நூலைத் தேடும். பிடுங்கி எறியப்பெற்ற நூலோடு, படிக்கும் பழக்கமும் சேர்ந்தே எறியப்படுகிறது. சிறுகதையாக இருத்தலும் இங்கு ஒரு நலமே. ஓரிரவில் ஒரு கதை முடியும். முடித்தோம் என்னும் ஊக்கம் பிறக்கும்.

பனியிரவையும் படிப்பையும் ஒரு மக்களினம் எங்ஙனம் இணைக்கலாம் என்பதற்கு ஐசுலாந்துத் தீவு சான்று. அங்கு வாழ்வோர் 4 இலக்கத்திற்கும் குறைவு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு பிற பொருள்களை நெருக்கியபோது, தாள் ஓரளவு எளிதிற் கிடைத்தது. நூலே விழாப்பரிசு ஆயிற்று. 1944 முதல் புதுநூற் பட்டியல் வீடுதோறும் அனுப்பப்பெற்றது. திசம்பர் 24ஆம் நாள் இரவு பரிசாகப் பெற்ற நூலைப் படித்தபடியே துயில்வது அவர்தம் வழக்கம். கணிப்பொறிக்கு 'எண்' என்பதையும் 'குறிசொல்பவள்' என்பதையும் இணைத்துத் தம் சொல்லே படைத்தவர்கள் அவர்கள். தொலைபேசிக்கும் நூலிழையைக் குறித்த தம் பழஞ்சொல்லையே மீட்டனர். அச்சொற்களை உயிரோடு வைத்திருப்பவை அகரமுதலிகள் மட்டுமல்ல. இளையோர் விரும்பிப் படிக்கும் கதைகளும்தாம்.

தமிழர்க்கோ பனியும் காதலும் இணைந்த இலக்கியம் புதிதன்று. குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், நள்ளிரவைச் சிறுபொழுதாகவும் வகுத்தது தொல்காப்பியம். போர்ப்பாசறையில் இருக்கும் அரசனை எண்ணிக் குளிரிரவில் அரசி வருந்துவதை 188 அடிகளில் காட்டுவது நெடுநல்வாடை. குறுந்தொகைப் பாடல்களோ 4 முதல் 8 அடிகளுக்குள் ஒரு முழுக் காதல் நிகழ்வை அடக்கிவிடுகின்றன. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டாமையால், படிக்கும் இளையவர் எவரும் தம்மை அங்கு வைத்துப் பார்க்கலாம். இவற்றைத் தேர்வுக்குரிய சுமையாகவே கண்ட பிள்ளை, தன் நெஞ்சின் மொழியை ஆங்கிலத் தொகுப்பில் தேடினால், அப்பிள்ளையைக் குறைகூறுதல் முறையாகாது. தேடியது குற்றமன்று, வீட்டில் கிடைக்கச் செய்யாமையே குற்றம்.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, பெரும்பாலும் பொங்கலையொட்டிய பனிநாள்களிலேயே நடைபெற்று வருகிறது. தமிழர்க்கும் பனிக்கால நூற்பருவம் உண்டு என்பதே இதன் பொருள். அப்பருவத்தில் பதினாறு அகவைப் பிள்ளைக்கென, நல்ல தமிழில், மார்கழிப் பனியும் தைப்பொங்கலும் விடுமுறையில் ஊர் திரும்பும் பேருந்தும் முதற் காதலின் நடுக்கமும் கலந்த சிறுகதைத் தொகுப்புகள் வெளிவருதல் வேண்டும். எழுத வல்லார் அதனை இழிவென எண்ணாது எழுதுக. பெற்றோர் ஒளித்துவையாது தாமே வாங்கித் தருக. ஆங்கிலத் தொகுப்பைப் படிக்கும் பிள்ளையின் கையிலிருந்து அதனைப் பறிக்காது, அதனருகே குறுந்தொகையையும் வைத்துவிடுக. அந்நூலில் உள்ளதும் தன் வயதினர் கதையே என்பதை அப்பிள்ளை தானே கண்டுகொள்ளும்.