நட்சத்திரத்தின் வாக்கு மருந்தாகுமா?



திரையுலகச் செய்திகளுக்கு இப்பக்கத்தில் இடமளிப்பது நம் வழக்கமன்று. ஆயினும் இம்முறை அமெரிக்க நடிகர் இருவரிடையே எழுந்த ஒரு சர்ச்சையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது நடந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அதில் எழுந்த கேள்வி, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிள்ளை பெற்ற வீடுகளில் இன்றும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

புரூக் ஷீல்ட்ஸ் என்னும் நடிகைக்கு, குழந்தை வேண்டிப் பலமுறை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, 2003-ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏங்கிப் பெற்ற செல்வம். ஆனால் அதைக் கையில் ஏந்தியபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. அழுகையும் அச்சமும் வெறுமையுமே வந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் அளவுக்கு எண்ணம் சென்றது. அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு நோய் எனக் கண்டறியப்பட்டு, மாத்திரையும் மன ஆலோசனையும் தரப்பட்டன. அவர் நலம் பெற்றார். பிற தாய்மார்களுக்குப் பயன்படட்டும் என்று 2005-இல் அவ்வனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

அதே ஆண்டில், உலகெங்கும் பெயர்பெற்ற நடிகர் டாம் குரூஸ் தொலைக்காட்சியில் தோன்றி, ஷீல்ட்ஸ் மாத்திரை உட்கொண்டதைக் குறை கூறினார். மனநல மருத்துவம் என்பதே போலி அறிவியல் என்றும், வைட்டமினும் உடற்பயிற்சியும் போதும் என்றும் பேசினார். அவர் சயன்டாலஜி என்னும் இயக்கத்தைச் சேர்ந்தவர். அவ்வியக்கம் மனநல மருத்துவத்தை அடியோடு எதிர்ப்பது. சில நாள்களிலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அவர் கூற்றை மறுத்தது. ஷீல்ட்ஸும் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் கட்டுரை எழுதி விடையளித்தார். அடுத்த ஆண்டு குரூஸ் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

சர்ச்சை இவ்வாறு இனிதே முடிந்தது. ஆனால் நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. இருவரும் புகழ்பெற்றவர்கள், இருவரும் ஒரே நோயைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் பேச்சால் நன்மையும் மற்றவர் பேச்சால் தீமையும் விளையக் காரணம் என்ன?

நம் மார்க்கக் கல்வியில் சாட்சியம் வேறு, ஃபத்வா வேறு என்று மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கிறோம். தான் கண்டதைச் சொல்வது சாட்சியம். அதற்கு நேர்மை போதும். இன்னது செய், இன்னது செய்யாதே எனத் தீர்ப்புரைப்பது ஃபத்வா. அதற்குக் கல்வி வேண்டும். ஷீல்ட்ஸ் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார், அது சாட்சியம். குரூஸ், தாம் காணாத நோயாளிகளுக்கெல்லாம், தாம் கற்காத துறையில், ஃபத்வா வழங்கினார். புகழ் ஒருவரின் குரலை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். அவருக்குக் கல்வியைத் தந்துவிடாது. ஷீல்ட்ஸின் சாட்சியமும் மருந்துச் சீட்டு ஆகாது என்பதையும் மறந்துவிடலாகாது. அவருக்கு ஏற்ற மாத்திரை இன்னொருவருக்கு ஏற்காமற் போகலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய சாட்சியங்கள் உண்டு. நடிகை தீபிகா படுகோன் தமக்கு ஏற்பட்ட மனச்சோர்வை 2015-இல் வெளிப்படையாகக் கூறினார். அது பேறுகாலத்தோடு தொடர்பில்லாதது. தமிழ்ப் படங்களில் நடித்த சமீரா ரெட்டி, 2015-இல் தமக்கு முதற்குழந்தை பிறந்தபின் வந்த மனச்சோர்வைப் பற்றிப் பேசியிருக்கிறார். பணமும் பணியாளரும் உள்ள வீட்டுக்கே வரும் நோய் இது என்றால், ஓரறை வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் அது அவளது குற்றமாகுமா? இந்தச் சாட்சியங்களால் நாம் பெற வேண்டிய பயன் இதுவே.

நம் பகுதியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டைகளை நம்பித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இளந்தம்பதியர் வந்து குடியேறியிருக்கிறார்கள். தாய்வீட்டில் 40 நாள் பேறுகாலப் பராமரிப்பு முடிந்து, கைக்குழந்தையோடு வாடகை வீட்டுக்குத் திரும்புகிறாள் ஒரு பெண். கணவர் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்குகிறார். அண்டை வீட்டார் பேசுவது கன்னடமோ தெலுங்கோ. இரவெல்லாம் குழந்தை அழுகிறது. பகலெல்லாம் இவள் அழுகிறாள். தொலைபேசியில் தாயிடம் சொன்னால், "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்ற பதில் வருகிறது. அடுத்து, சத்துக் குறைவு, டானிக் குடி என்கிறார்கள், கண்ணேறு என்கிறார்கள், ஜின்னின் தீண்டல் என்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டுமா டாம் குரூஸ் இருக்கிறார்? நம் கூடத்திலும் இருக்கிறார்.

ஆகவே நோயை அறிந்துகொள்வோம். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு இயல்பு. இரண்டு வாரத்திற்குள் அது தானே நீங்கிவிடும். அதற்கு வேண்டுவது உறக்கமும் ஆதரவும். இரண்டு வாரத்திற்கு மேலும் துயரம் நீடித்து, எதிலும் ஈடுபாடில்லாமல், குழந்தை உறங்கும்போதும் தான் உறங்க முடியாமல், "நான் தாயாகத் தகுதியற்றவள்" என்ற குற்ற உணர்வு வாட்டினால், அது மனச்சோர்வு நோய். மூன்றாவது வகை அரிது. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் வருவது. இல்லாத குரல் கேட்பது, தொடர்பின்றிப் பேசுவது, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணம் கொள்வது ஆகியன அதன் அடையாளங்கள். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது.

இது மேல்நாட்டார் நோய் என்பாரும் உளர். தமிழகக் கிராமப்புறப் பெண்களிடையே வேலூர் மருத்துவ அறிஞர்கள் ஆய்வு நடத்தி 2002-இல் வெளியிட்டார்கள். கருவுற்ற காலத்தில் நலமாயிருந்த தாய்மார்களில் 100-க்கு 11 பேருக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. அதனோடு சேர்ந்து காணப்பட்டவை எவை? குறைந்த வருவாய், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு உதவியின்மை! பெண் குழந்தை பிறந்ததற்கு முகம் கறுப்பது அறியாமைக் காலத்து வழக்கம் என்று திருக்குர்ஆன் கண்டிப்பதை மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கறுத்த முகம் பச்சை உடம்புக்காரியை நோயாளியாக்கவும் துணைபோகும் என்பதை வீட்டில் நினைவுகொள்கிறோமா?

நற்செய்தி என்னவென்றால், இந்நோய் தீரக்கூடியது. மிதமான நிலையில் பயிற்சி பெற்றவரின் ஆலோசனையே பெரும் பயன் தரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணிப்பெண்களுக்கு இதற்கெனப் பயிற்சி அளித்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனச்சோர்வுற்ற தாய்மார்களில், பயிற்சி பெற்ற பெண்கள் சென்று பேசிய ஊர்களில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது 100-க்கு 23 பேரிடமே நோய் எஞ்சியிருந்தது. அப்பயிற்சி இல்லாத ஊர்களில் 53 பேரிடம் இருந்தது. வெறும் ஆறுதல் பேச்சன்று இது; முறைப்படி கற்று, முறைப்படி செய்யப்பட்ட சிகிச்சை.

நோய் கடுமையானால் மாத்திரை தேவைப்படும். பால் கொடுக்கும் தாய்க்கு மாத்திரையா என்று அஞ்சுவது இயற்கை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் அவற்றைத் தேர்ந்து தருகிறார்கள். எம்மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சற்றுத் தெளிந்ததும் தாமாக நிறுத்துவது ஆபத்து. இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் இதே சோர்வைத் தரக்கூடியவையாதலால் அவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சத்துணவும் நடைப்பயிற்சியும் நல்லவையே. ஆனால் அவை மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்தில் அமர்த்தத்தக்கவை அல்ல.

ஈமான் குறைவால் வருவது இது என்று சொல்வோருக்கு ஒன்று கூற வேண்டும். அன்னை மர்யம் (அலை) அவர்கள், பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கி, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைத் திருமறை மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அவர்கள் நோயுற்றிருந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த வேதனைக் குரலுக்குக் கிடைத்த விடையைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். கடிந்துரை வரவில்லை, ஈமான் எங்கே என்ற கேள்வியும் வரவில்லை. கவலற்க என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீர் வந்தது. உண்ணக் கனி வந்தது. மனிதர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து விடுதலையும் வந்தது. பச்சை உடம்புக்காரியை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? நிஃபாஸ் காலத்தில் தொழுகையையே விட்டுவிட அனுமதித்த மார்க்கம், அவளிடம் விருந்தினர்க்குச் சமைக்கச் சொல்லுமா?

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். உடல்நோய் வேறு, மனநோய் வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் எழுதியவர். காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என அவர் இரண்டாகப் பிரித்தார். பின்னது உடலிலிருந்து எழுவது, உடலுக்கே மருந்து செய்ய வேண்டும் என்றார். ஆதலால் ஆலிம் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தை பெற்ற பெண்ணை ஓதிப் பார்க்க அழைத்து வந்தால், ஓதுங்கள், துஆச் செய்யுங்கள், அதே மூச்சில், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றும் கேளுங்கள். துஆ நம் பொறுப்பு. மருத்துவத்தில் ஃபத்வா நம் பொறுப்பன்று.

செல்லுமிடம் தொலைவிலில்லை. 2022 முதல் இயங்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. எல்லை தாண்டினால், பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தாயும் சேயும் ஒருங்கே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு அங்கே 2009 முதல் உள்ளது. குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சமும் வேண்டா. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. வீட்டிலிருந்தபடியே பேச விரும்புவோர் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விகள் தமிழிலும் உள்ளன. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டு செல்லும் நாளில், "தாயையும் பாருங்கள்" என்று செவிலியரிடம் கேட்கத் தயங்க வேண்டா.

கணவன்மார்களே! ஷிப்டு முடிந்து வந்ததும் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் குழந்தையின் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். இரவில் ஒரு முறையேனும் குழந்தையை நீங்கள் ஏந்தி, அவளை நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க விடுங்கள். சாக வேண்டும் என்று அவள் ஒரு சொல் சொன்னாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். மாமியார்மார்களே! உங்கள் காலத்தில் யாரும் கேட்காததால் நீங்கள் அடக்கிக்கொண்ட கண்ணீரை, உங்கள் மருமகளும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு உடல் நலத்தையும் மன அமைதியையும், நமக்கு அவர்கள் குரலைச் செவிமடுக்கும் இதயத்தையும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.