தாத்தாவின் பிறப்புப் பத்திரமும் நம் பள்ளித் திடலும்



2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் மலேசியக் காற்பந்துக்குத் தலைகுனிவான நாள். வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களை நம் தேசிய அணிக்குத் தகுதியாக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா அன்று தீர்ப்பளித்தது. ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் தண்டம். மேல்முறையீடும் அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடியானது. பிறகு வழக்கு விளையாட்டுத் துறை நடுவர் மன்றத்தின் வாசலை மிதித்தது.

திருத்தப்பட்டது எது? ஆட்டக்காரர்களுடைய தாத்தா பாட்டிகளின் பிறப்பிடம்! அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்கள், தாளில் மட்டும் மலேசிய மண்ணில் பிறந்தவர்களாகிவிட்டனர்.

இச்செய்தி வந்தபோது நம்மவர் பலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். 'இந்த நாட்டில் உண்மையாகவே பிறந்து, பால்மரம் வெட்டி, இங்கேயே மண்ணான தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் அலைகிறார்கள். கடல் கடந்த தாத்தாவுக்கு மட்டும் பத்திரம் எப்படிக் கிடைத்தது?' என்று கேட்டனர். நியாயமான கேள்வி. ஆவணம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பெற்றோருடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. அக்கேள்வியின் வலி அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கேள்வியைக் காற்பந்துச் சங்கத்தின் வாசலோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கேள்விதான். மறுபாதி நம் வீட்டு வாசலுக்கும் நம் பள்ளி வாசலுக்கும் வரவேண்டியது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு. சிலருக்குக் கசக்கும், கசந்தாலும் படியுங்கள்.

ஒரே குழுவில் ஆடியவர்கள்

1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா காற்பந்து ஆடியது. இன்றைய மாணவரிடம் சொன்னால் நம்பமாட்டார். 1971-இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் தென்கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வென்று பெற்ற தகுதி அது. மியூனிக்கில் நம் குழுவில் இருந்த மற்ற மூன்று நாடுகள் மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் மொரோக்கோ. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்றோம். அமெரிக்காவை 3-0 என வென்றோம். மொரோக்கோவிடம் 0-6 என வீழ்ந்தோம்.

அந்த மொரோக்கோவின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1976-இல் ஆப்பிரிக்கக் கிண்ணத்தை வென்றது. 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் ஆகிய மூன்றையும் பின்னுக்குத் தள்ளித் தன் குழுவில் முதலிடம் பிடித்தது. உலகக் கிண்ணத்தில் முதற்சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க நாடு அதுவே. பிறகு சரிவும் வந்தது. 1998-க்குப் பின் இருபது ஆண்டுகள் உலகக் கிண்ண வாசலையே அது மிதிக்கவில்லை. ஆனால் அந்த இருண்ட காலத்தில்தான், 2009-இல், ராபாட் நகருக்கு அருகே இளையோர் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். சிறுவர்களைத் தேடிப் பிடித்து, தங்க இடமும் பள்ளிப் படிப்பும் கொடுத்துப் பந்தும் பழக்கினார்கள். படிப்பை விட்டுவிட்டுப் பந்து என்பதல்ல. இரண்டும் ஒரே வளாகத்தில்! 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அணியில், அக்கழகத்தில் வளர்ந்த எந்நெசிரி, ஊனாகி, அகெர்டு ஆகியோர் இருந்தனர். 2024-இல் ஒலிம்பிக் வெண்கலம். 2025-இல் அர்ஜெண்டினாவை 2-0 என வீழ்த்தி இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம்.

ஒன்றைக் கவனியுங்கள். 2022-இன் மொரோக்கோ அணியில் இருபத்தாறு பேரில் பதினால்வர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆகவே வெளிநாட்டில் பிறந்தவரைச் சேர்ப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பிழைப்புக்காக ஐரோப்பா சென்ற மொரோக்கோ நாட்டவரின் உண்மையான பிள்ளைகள். வேர் உண்மையாக இருந்தது. உள்நாட்டில் நாற்றங்காலும் இருந்தது. நாமோ நாற்றங்காலைக் காயவிட்டு, வேரையும் தாளில் வரைந்தோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

1972-க்குப் பின் நம் கணக்கு என்ன? 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் தகுதி. ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்துப் புறக்கணித்ததால் போகவில்லை. 1994-இல் சூதாட்ட ஊழல். 2007-இல் சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5. 2018-இல் உலகத் தரவரிசையில் 178-ஆம் இடம். நாம் 3-0 என வென்ற அமெரிக்காவும், இருமுறை முந்திய தென்கொரியாவும் 2002 உலகக் கிண்ணத்தில் முறையே காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் சென்றன. நாம் இன்றுவரை ஓர் உலகக் கிண்ணத்துக்கும் தகுதி பெறவில்லை.

அந்தப் பெயர்கள் எங்கே?

வெற்றி பெற்ற அந்தக் காலத்து அணிப் பட்டியலில் நம் பெயர்கள் இருந்தன. 1972 ஒலிம்பிக் அணியில் தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன். 1974 வெண்கல அணியிலும் 1980-இல் மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அணியிலும் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த சிலாங்கூர் ஆட்டக்காரர். 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தின் முத்து என்ற பாத்திரம் அவரை நினைவூட்டுவது. நம் பிள்ளைகளுக்கு முத்துவைத் தெரியும்; ஆறுமுகத்தைத் தெரியாது.

பயிற்றுநர்களும் இருந்தனர். பி. சத்தியநாதனின் பயிற்சியில் 2007 மெர்டேக்கா கிண்ணம். கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2009-இல் இருபது ஆண்டுகளுக்குப் பின் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கம். 2010-இல் இந்தோனேசியாவை வென்று சுசுகி கிண்ணம். அக்கிண்ணத்தை வென்ற அணியில் கே. குருசாமியும் எஸ். குணாளனும் ஆடினர்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்குத் தோட்டத் திடலும் பள்ளித் திடலும் இரயில்வே, பொதுப்பணி குடியிருப்புத் திடலும்தான் பயிற்சிக் கழகம். லயத்து வீடுகள், கோயில், பள்ளி, கள்ளுக்கடை, ஒரு திடல் என்பதுதான் ஒரு தோட்டத்தின் வரைபடம். தோட்ட வாழ்க்கை இனித்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை வறுமையிலும் பிள்ளைக்கு ஓட ஓர் இடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மேருவிலும் காப்பாரிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று தொழிற்கூடங்களும் வீடமைப்புகளும் நிற்கின்றன. கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டுப் போராடினோம். பள்ளிக்கு மாற்று நிலம் கேட்டுப் போராடினோம். திடலுக்கு யார் போராடியது?

மூன்று சாக்குகள்

இனி, இதைப் பேசும்போதெல்லாம் நான் கேட்கும் மூன்று மறுமொழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது: 'பந்து ஆடினால் படிப்பு கெடும்.' யு.பி.எஸ்.ஆர் தேர்வு இருந்தவரை இச்சொல்லுக்கு ஒரு சாயம் இருந்தது. ஆறாம் ஆண்டு வந்தால் உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்கோ அறிவியலுக்கோ இரையாகும். பெற்றோரும் அதைப் பாராட்டினர். 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. பாடவேளைகள் திரும்பி வந்தனவா? மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கல்வியமைச்சின் கொள்கை 2011 முதல் இருக்கிறது. அது புறப்பாடக் கோப்பில் உயிரோடிருக்கிறது. திடலில் எங்கே இருக்கிறது? உடற்கல்வி பாடத்திட்டத்தில் உள்ள பாடம். அதைப் பறிப்பது தமிழ்மொழிப் பாடவேளையைப் பறிப்பதற்கு ஒப்பானது. தமிழ்மொழி வேளையை யாராவது பறித்தால் நாம் சும்மா இருப்போமா?

இரண்டாவது: 'நன்றாக ஆடினாலும் நம்மவனைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள்.' இதில் உண்மையே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பலர் பட்ட காயம் அது. ஆனால் தேர்வில் அநீதி நடந்தது என்று காட்டுவதற்கு முதலில் தேர்வுக்கு நம் பிள்ளைகள் போயிருக்கவேண்டும். மாவட்டப் போட்டிக்குப் பதினோரு பேரைத் திரட்டவே திணறும் பள்ளி, தேசிய அணியில் பாரபட்சம் என்று முழங்குவதில் பயனில்லை. நூறு பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அப்போது அக்கேள்விக்கு வலிமை இருக்கும். நம் சமுதாயமே ஒரு குழுவைக் கட்டிப் பார்த்ததும் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகியது. அக்குழு இருந்தபோது நம்மில் எத்தனை பேர் அரங்கத்துக்குப் போனோம்? இரவு மூன்று மணிக்கு விழித்திருந்து இங்கிலாந்து லீக் பார்க்கத் தெரிந்த நமக்கு, பெட்டாலிங் ஜெயாவுக்குப் போக வழி தெரியவில்லை!

மூன்றாவது: 'பள்ளியில் திடலே இல்லை.' சில பள்ளிகளில் இது முழு உண்மை. பல பள்ளிகளிலோ திடல் இருந்தது, நாம்தான் தின்றோம். ஒரு மூலையில் வாகன நிறுத்துமிடம், இன்னொரு மூலையில் மண்டபம், நடுவில் கூரைபோட்ட சபைகூடும் இடம். ஒவ்வொன்றுக்கும் திறப்புவிழா, மாலை, பெயர்ப்பலகை. புல்தரைக்குப் பெயர்ப்பலகை மாட்ட முடியாது அல்லவா? அதனால்தான் அதற்கு நன்கொடையாளர் கிடைப்பதில்லை.

'பந்து சோறு போடுமா?' என்ற கேள்வியும் வரும். உள்ளூர் லீக்கில் சம்பள பாக்கி பற்றிய செய்திகளைப் படிக்கும் தாய் தந்தையின் அச்சம் நியாயமானது. எல்லாப் பிள்ளையும் பந்தையே தொழிலாகக் கொள்ளவேண்டும் என்று யார் சொன்னது? கவிஞன் ஆவதற்காகவா எல்லாப் பிள்ளைக்கும் செய்யுள் கற்பிக்கிறோம்? தோற்கப் பழகவும், பதினொருவரில் ஒருவராக நிற்கவும், மாலை ஆறு மணிக்குக் கைப்பேசியை விட்டு எழவும் ஒரு பிள்ளைக்குத் திடல் வேண்டும். மாலை நேரத்தில் நம் பையனுக்குத் திடலைக் கொடுக்காவிட்டால், வேறு யாரோ அவனுக்கு வேறொன்றைக் கொடுப்பார்கள். அது எது என்று கிள்ளான் வட்டாரப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

1. உடற்கல்விப் பாடவேளையை எவரும் எக்காரணத்துக்காகவும் பறிக்கக்கூடாது. ஆசிரியர்களே, இது நம் கையில்தான் உள்ளது. பெற்றோரே, பறித்தால் கேளுங்கள்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் திடலைப் பற்றி ஒரு தீர்மானம் வையுங்கள். இருக்கும் திடலில் இனி ஓர் அடிகூடக் கட்டடத்துக்குப் போகக்கூடாது. திடல் இல்லாத பள்ளி, நகராண்மையின் பொதுத் திடலையோ பக்கத்துத் தேசியப் பள்ளியின் திடலையோ வாரத்தில் ஒரு மாலை கேட்டு எழுதட்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்களா நாம்?

3. பெண் பிள்ளைகளுக்கும் பந்தைக் கொடுங்கள். ஓரமாக நின்று கைதட்டுவதற்காக அவர்கள் பள்ளிக்கு வரவில்லை.

4. ஆவணம் இல்லாத மாணவர் யார் என்று பள்ளி முதலாம் ஆண்டிலேயே கண்டறிந்து பெற்றோருக்கு வழிகாட்டவேண்டும். பன்னிரண்டு வயதில் மாவட்டத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போது 'பத்திரம் எங்கே?' என்ற கேள்வியில் ஒரு பிள்ளையின் கால் நின்றுபோவதைவிடக் கொடுமை வேறில்லை.

5. பள்ளிச் சுவரில் சந்திரன், ஆறுமுகம், ராஜகோபால் ஆகியோரின் பெயர்களை ஆண்டுகளோடு எழுதுங்கள். பெரிய செலவில்லை, ஒரு டின் சாயம் போதும்.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இருக்கின்றன. பள்ளிக்கு இருபது பேர் என்றால் பத்தாயிரம் பிள்ளைகள் திடலில் நிற்பார்கள். காற்பந்துச் சங்கம் தாத்தாக்களைத் தேடிக் கடல் கடந்து போகட்டும். அவர்கள் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பித் திடலுக்கு அனுப்பாததற்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

உங்கள் பள்ளியில் இவ்வாண்டு உடற்கல்வி வேளைகள் முழுமையாக நடக்கின்றனவா? பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.