பௌதிக இரசாயனத்த விட்டுட்டு பாமசி படிக்கலாமா?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கிடைக்கிற அறிவுரை ஒன்று இருக்கு. "பௌதிக இரசாயனத்தில மினக்கெடாதீங்க, அது கணக்குப் பிள்ளைகளுக்கு. சேதனத்தையும் அசேதனத்தையும் பாடமாக்குங்க, புள்ளி வந்துடும்." தில்லையடியிலும் இதைக் கேட்கலாம். வைத்தியத்துக்கு இசட் ஸ்கோர் கொஞ்சம் பத்தாமல் போனால் பாமசி எடுக்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். அவர்களுக்கு இதைவிட மோசமான அறிவுரை இல்லை என்பது என் கருத்து.

நான் கலைப்பீடம். இரசாயனத்தில் எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை. பாமசி கனவோடு படிக்கிற தங்கச்சியின் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் இருக்கு. அப்படிப் பார்த்தால், 'கணக்கு' என்று ஒதுக்குகிற அத்தியாயங்களில்தான் மருந்து பற்றிய கேள்விகளுக்கு விடை கிடைக்குது.

வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற ஜீவனி பக்கெட்டை எடுங்க. 1971இல் பங்களாதேஷ் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இருந்த மேற்கு வங்காளத்தின் பொங்காவ் முகாமில் கொலரா பரவியது. சேலைன் முடிந்துகொண்டு வந்தது. டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோசு மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் வாழ்ந்த குடும்பங்கள் உள்ள எங்கட ஊருக்கு, முகாமில் வயிற்றோட்டம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தக் கரைசலில் வேலை செய்வது பிரசாரணம். குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து குடல் சுவரைக் கடக்கும்போது தண்ணீர் அவற்றின் பின்னால் போகுது. கரைசல் அளவுக்கு மிஞ்சித் தடித்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம், குடலுக்குள்ளேயே வந்துவிடும். 2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் செறிவை 311 மில்லிஒஸ்மோலிலிருந்து 245க்குக் குறைத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். "தண்ணியக் குறைச்சு கரைச்சா நல்லா வேலை செய்யும்" என்று நினைக்கிற ஒரு தாய்க்கு, அது ஏன் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டியவர் பாமசியில் நிற்கிறவர். பிரசாரண அமுக்கம் விளங்காதவர் எப்படிச் சொல்வார்?

பக்கெட்டில் முதலில் இருந்த சோடா உப்புக்குப் பதிலாக 1984இலிருந்து சித்திரேற்று சேர்க்கப் பரிந்துரைத்தார்கள். காரணம், வெப்பமும் ஈரப்பதனும் கூடிய நாடுகளில் பழைய கலவை சீக்கிரம் பழுதாகிவிடும். அதாவது எங்கட மாதிரி ஊர்களில்.

இது தாக்கவீதப் பாடம். 1889இல் அரீனியஸ் எழுதிய சமன்பாட்டிலிருந்து வருகிற கைக்கணக்கு ஒன்று இருக்கு: வெப்பநிலை 10 பாகை கூடினால் பல தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். "30 பாகைக்குக் கீழே வைக்கவும்" என்று மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கு. புத்தளத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் என்ன பாகை என்று யாராவது பார்க்கிறோமா? அமொக்சிசிலின் பாணி தூளாகவே விற்கப்படுவதும், கரைத்த பிறகு லேபிளில் சொன்ன நாட்களுக்குள் முடிக்க வேண்டியிருப்பதும் இதே பாடம். தண்ணீர் அந்த மூலக்கூறை மெல்ல மெல்ல உடைக்குது.

இன்னொன்று கரைதிறன் பெருக்கம். களப்போரத்து உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் காபனேற்று முதலில் படியும், பிறகு கல்சியம் சல்பேற்று, அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடுகிற உப்பு. கரைதிறன்தான் ஒவ்வொன்றின் முறையையும் தீர்மானிக்குது. ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரையக்சோன் ஊசிமருந்தையும் கல்சியம் உள்ள சேலைனையும் சேர்த்தால் அங்கேயும் வீழ்படிவு வரலாம். பிறந்த குழந்தைகளுக்கு அது உயிராபத்து. உப்பளத்தில் விளங்கிய விஷயம் வார்ட்டிலும் விளங்க வேணும்.

நேரம் இல்லை, போட்டி கடுமை என்று பிள்ளைகள் சொல்வது நியாயம். கம்பஸ் போவதற்கு முதலில் புள்ளி வேணும். ஆனால் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ பாமசி பட்டப்படிப்புக்குள் போனதும், விட்டுவிட்டு வந்த அத்தியாயங்கள் இங்கிலீஷ் உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்ப வருது. 'தாங்கற்கரைசல்' என்று வெறுமனே பாடமாக்கின பிள்ளைக்கு அங்கே 'பஃபர்' புதுச் சொல், உள்ளே இருக்கிற கருத்தும் புதுசு. கருத்து விளங்கியிருந்தால் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். தமிழ் மூலம் படிச்சு வருகிற எங்கட பிள்ளைகளுக்குத்தான் இந்த வித்தியாசம் கூடுதலாகச் சுடும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சமநிலை தொடங்கும்போது ஆசிரியர் வகுப்பை ஒரு நாள் உப்பளத்துக்குக் கூட்டிப் போகலாம். தாக்கவீதம் படிக்கிறபோது ஒரு மருந்துப் பெட்டியையும் வெப்பமானியையும் மேசையில் வைக்கலாம். கம்பஸில் பாமசி படிக்கிற நானாமார், தாத்தாமார் லீவுக்கு வரும்போது இரண்டு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு சின்ன நோட்ஸ் எழுதித் தரலாம். அதை அச்சடித்துக் கொடுக்கிற வேலையை எங்களை மாதிரி கலைப்பீடத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம்.

சுகமில்லாத பிள்ளையோடு பாமசிக்குப் போகிற ஒரு உம்மா, கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவரை நம்பித்தான் போகிறா. மருந்துக் கார்டை வெட்டிக் கொடுக்க யாருக்கும் ஏலும். அந்த மருந்து வேலை செய்யுமா, பழுதாகிவிட்டதா, எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர்தான் அவவுக்குத் தேவை.