கையேடு இல்லாக் கருவி

அடி தெரியாத கடலிலே கயிற்றில் ஈயங் கட்டி இறக்கிப் பார்ப்பதைத் தாழ்வுபாட்டு அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கையேடு இல்லாத கருவியை அறியும் வழியும் அதுவேயாகும். தெரிந்த ஒன்றை உள்ளே விட்டு, திரும்பி வருவதை நோக்க வேண்டும்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தார் 1989இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் கணினி ஒலியட்டையில், இசை பிறந்தது யமஹா ஆக்கிய ஒய்.எம். 3812 என்ற சில்லிலே. எந்த எண்ணை இட்டால் எவ்வகைக் குரல் எழும் என்பதை யமஹா அச்சிட்டுத் தந்தது. உள்ளே கணக்கு நடக்கும் விதத்தைச் சொல்லவில்லை. இசையமைத்தோருக்கு அது போதும். ஆனால் பழைய அட்டைகள் வழக்கொழிந்த பின், அவற்றுக்கென எழுதிய இசையை வேறு கணினிகளில் அதே தொனியில் மீட்க முயன்றோருக்குப் போதவில்லை.

அவர்களும் ஈயங் கட்டியே இறக்கினர். ஓரெண்ணை மாற்றுவர்; எழும் ஒலியைப் பதிந்து அலையை அளப்பர். செவிக்கு ஏறத்தாழச் சரியாயிற்று. இலக்கத்துக்கு இலக்கம் ஒத்து வரவில்லை.

2008இல் மத்தியூ கம்பிரல், ஒல்லி நியெமிதாலோ என்னும் இருவர் சில்லின் ஓட்டை நீக்கி உள்ளிருந்ததை வாசித்தனர். கண்டவை இரண்டு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் 256 எண்கள். ஒன்று சைன் வளைவின் கால்பங்குக்குரிய மடக்கை, மற்றது முரண்மடக்கை. எஞ்சிய முக்கால் வளைவு எங்கே என்பீர்கள். அது முதற் காலின் கண்ணாடி நிழல்தானே!

மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அலையை ஓரெண்ணாற் பெருக்கல் வேண்டும். பெருக்குஞ் சுற்றோ சில்லில் மிகுந்த இடம் பிடிக்கும். ஆதலின் அச்சில்லு அலையைப் பெருக்கவேயில்லை. மடக்கைகளைக் கூட்டி, இரண்டாம் அட்டவணையில் விடையைப் பார்த்துக்கொண்டது. 100இன் மடக்கை 2, 1000இன் மடக்கை 3. கூட்ட 5, அதாவது 1,00,000. வகுப்பில் நீங்கள் அட்டவணையைப் புரட்டிச் செய்யும் அதே வேலைதான். அதனை ஒன்பது குரல்களுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 49,700 முறை அது செய்தது. நமக்கோ ஒரு கணக்குக்கே பெருமூச்சு வருகிறது.

அட்டவணையைச் சிறு சூத்திரத்தாலேயே மீளப் பெறலாம் என்றும் அவ்விருவர் காட்டினர். கணிப்பான் உள்ளோர் செய்து பார்க்கலாம். செங்கோணத்தை 256 சம பங்காக்குங்கள். முதற் பங்கின் நடுக்கோணத்துக்குச் சைன் கண்டு, அதற்கு 2ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுங்கள். கிடைக்கும் மறையெண்ணின் குறியை மாற்றி 256ஆற் பெருக்குங்கள். கிட்டிய முழுவெண் 2137. சில்லின் முதல் அறையிலும் அதுவே இருந்தது.