குப்பைமேட்டுச் செடிகளின் சாட்சியம்

சேலம் நகரத்துக் குப்பை நெடுங்காலம் எருமாபாளையத்தில் கொட்டப்பட்டுப் பின்னர் செட்டிச்சாவடிக்கு மாறியது நமது வாசகர்கள் அறிந்த விஷயமே. கொட்டுவது நின்ற மேட்டின்மீது மண்ணைப் போர்த்து, நான்கு மழை பெய்துவிட்டால் பச்சை படர்ந்துவிடுகிறது. பச்சையைக் கண்டதும் பூங்கா வைக்கலாம், மனை பிரிக்கலாம் என்ற யோசனைகளும் முளைத்துவிடுகின்றன. அந்தப் பச்சை எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலர்.

செடியைக் கொண்டு நிலத்தை அறிவது நமக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பூவாலும் மரத்தாலும் நிலத்தை அழைத்தவர்கள் நம் முன்னோர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் ஸம்ஹிதையில், எம்மரத்தருகே பூமிக்கடியில் ஜலம் கிடைக்கும் என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. 1920-ல் அமெரிக்கரான கிளெமெண்ட்ஸ் இத்துறைக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

பழைய குப்பைமேட்டில் நிகழ்வது இதுதான். அடியில் அழுகும் பொருளிலிருந்து மீதேன் வாயுவும் கரியமில வாயுவும் எழுந்து, மண்ணிடுக்கிலுள்ள காற்றை வெளியே தள்ளுகின்றன. வேர் மூச்சுத் திணறுகிறது. ஆகவே, தண்ணீர் விட்டும் மரக்கன்று பட்டுப்போனாலோ, சுற்றிலும் புல் செழித்திருக்க நடுவே வட்டமாகக் கருகிக் கிடந்தாலோ, தோட்டக்காரனைக் கோபிக்குமுன் வாயுவைச் சோதிக்க வேண்டும். நாயுருவி, ஊமத்தை, ஆமணக்கு, குப்பைமேனி ஆகியவை கொழுத்து நிற்குமிடத்தில் தழைச்சத்து மிகுதி எனலாம். சித்திரை வெயிலிலும் மேட்டின் அடிவாரத்தில் கோரை பசுமையாக இருந்தால், உள்ளிருந்து நீர் கசிகிறது. அது எத்தகைய நீர் என்பதைக் கீழே கிணறு வைத்திருப்போர் கேட்டே தீரவேண்டும். சீமைக்கருவேலமோ எங்கும் முளைக்கும். அதன் சாட்சியத்தால் பிரயோஜனமில்லை.

ஆயினும், நல்ல சாட்சியும் தான் அறிந்ததையே கூறுவான். ஈயமும் காட்மியமும் மண்ணில் இருப்பதைச் செழித்த கீரை காட்டிக்கொடுக்காது. தானே அவற்றை உண்டு இலையில் வைத்திருக்கவும் கூடும். பசுமையை நம்பி அங்கே கீரை பறிப்பதும் மாடு மேய்ப்பதும் அபாயம்.

நம் ஜில்லாவுக்கென்று மற்றொரு சிக்கலும் உண்டு. சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்களைச் சுற்றியுள்ள மண்ணில் இயற்கையாகவே மக்னீஷியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. நிக்கலும் குரோமியமும் அதிகம். அத்தகைய மண்ணை எடுத்து மேட்டில் போர்த்தினால், குன்றிய செடிக்குக் குப்பை காரணமா, மண் காரணமா? 1974-ல் எல்லன்பெர்க் மத்திய ஐரோப்பாவுக்கு வகுத்த செடி அட்டவணை இங்கே உதவாது. குப்பை படாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டு, நமக்கென ஓர் அட்டவணையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள், மேடு உறுதிப்படும்வரை முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே வேர் இறங்காத செடிகளையே வைக்கவேண்டும் என்றும், மூடிய பின் 15 வருஷம் கண்காணித்து, வாயுவும் கசிவு நீரும் நிர்ணய அளவுக்குள் உள்ளன என்று கண்டபின்னரே குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றும் விதித்தன. புகைப்படத்துக்காகப் பிரமுகர்கள் நடும் வேம்பும் புங்கனும் இவ்விதியைப் படித்ததில்லை!

சேலத்துக் கல்லூரிகளின் தாவர சாஸ்திர மாணவர்கள் தையிலும் சித்திரையிலுமாக வருஷத்துக்கு இருமுறை மேட்டை நடந்து அளந்து, எச்செடி எங்கே என்று படம் வரையட்டும். அப்படம் காட்டும் இடங்களில் மாநகராட்சி துளையிட்டு, வாயுவையும் மண்ணையும் நீரையும் பரீக்ஷித்து, முடிவைத் தமிழில் வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். பூங்காவுக்கு டெண்டர் விடுவது அதற்குப் பின்னர் ஆகட்டும்.